பல மரம் கண்ட தச்சன்

பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பது பழமொழி. சென்ற ஆண்டு நம் கல்லூரி விளையாட்டு விழாவில் ஐந்து போட்டிகளுக்குப் பெயர் கொடுத்து, தடையோட்டத்தில் நான்காவதாக வந்ததே என் பெரிய சாதனை என்று நான் நின்றபோது, நண்பர்கள் இப்பழமொழியைச் சொல்லி நகைத்தனர். அன்றிரவு விடுதியில் உறக்கம் வரவில்லை. ஒன்றைப் பற்றிக்கொள்ளாதவன் வாழ்வு வீண்தானா? இக்கேள்விக்கு விடை தேடியபோது என் முன் வந்து நின்றவர் ஜியோ ஆந்த்ரே என்னும் பிரெஞ்சு வீரர்.

1889 ஆகஸ்டு 13-ல் பாரிஸ் நகரில் பிறந்தவர் அவர். 1908-ல் இலண்டன் ஒலிம்பிக்கில் உயரத் தாண்டலில் இறங்கியபோது அவருக்குப் பத்தொன்பது வயதுகூட நிறையவில்லை. 1.88 மீட்டர் தாண்டி, வேறு இருவரோடு வெள்ளிப் பதக்கத்தைப் பகிர்ந்துகொண்டார். தொடக்கமே இவ்வாறு அமைந்தால் நம்மில் பலர் அந்த ஒரு கலையையே வாழ்நாளெல்லாம் பயின்றிருப்போம். ஆந்த்ரேயோ 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் தாண்டல், தடையோட்டம், பத்து அம்சப் போட்டி எனப் பலவற்றில் இறங்கினார். பதக்கம் ஒன்றும் கிட்டவில்லை. அதற்கும் அவர் அடங்கவில்லை. முரட்டு ஆட்டமாகிய ரக்பியிலும் புகுந்து, 1913, 1914 ஆண்டுகளில் பிரான்சு நாட்டு அணிக்காக ஆடினார்.

அப்போது மூண்டது முதல் உலகப் போர். ஓடிய கால்கள் போர்க்களம் சென்றன. கடுங்காயமுற்றுப் பகைவர் கையில் சிறைப்பட்டார். பன்முறை தப்ப முயன்று, இறுதியில் தப்பியும் வந்தார். வந்தவர் ஓய்ந்திருந்தாரா? இல்லை. போர் விமானியாக வானில் பறந்தார்.

காயம்பட்ட உடல், கடந்துபோன இளமை. இனி ஓட்டம் எதற்கு என்று எவரும் கேட்டிருப்பர். 1920-ல் ஆண்ட்வெர்ப் நகர ஒலிம்பிக்கில், முப்பத்தொரு வயதில், 400 மீட்டர் தடையோட்டத்தின் இறுதிச் சுற்றில் ஓடினார். முதல் மூவரும் அமெரிக்கர், நான்காமவர் ஆந்த்ரே. ஆயினும் 4×400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் தம் தோழர் மூவருடன் வெண்கலம் வென்றார். முதற் பதக்கத்துக்கும் இரண்டாம் பதக்கத்துக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள், அவற்றுள் ஒரு மாபெரும் போர்!

1924-ல் ஒலிம்பிக் அவர் பிறந்த பாரிசுக்கே வந்தது. கொலோம்ப் அரங்கில் வீரர் அனைவர் சார்பிலும் உறுதிமொழி எடுக்கும் பெருமை அவருக்குக் கிடைத்தது. முப்பத்து நான்கு வயதில் மீண்டும் அதே தடையோட்டம். மீண்டும் அதே நான்காம் இடம். தங்கப் பதக்கம் அவர் கழுத்தை என்றுமே அலங்கரிக்கவில்லை.

இரண்டாம் உலகப் போர் வந்தது. போருக்குச் செல்லாதிருக்க வயது ஒன்றே போதிய காரணம். இருந்தும் ஐம்பது கடந்த அம்மனிதர் துப்பாக்கி ஏந்தினார். 1943 மே 4-ல் துனிசியாவில் நடந்த போரில் உயிர் நீத்தார். அவருடைய மகன் ஜாக் ஆந்த்ரேயும் அப்போரில் புகழ்பெற்ற விமானி. 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் அம்மகன் ஓடியது எது தெரியுமா? தந்தை ஓடிய அதே 400 மீட்டர் தடையோட்டம்!

தோழர்களே, பழமொழி பொய் என்று நான் வாதிடவில்லை. ஒன்றையே பற்றியிருந்தால் ஆந்த்ரே தங்கம் வென்றிருக்கக் கூடும். ஆனால் அவரைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: அவர் பலவற்றை நாடினாரே தவிர, எதிலிருந்தும் பாதியில் ஓடிவிடவில்லை. நான் விழா முடிந்ததும் மைதானத்தை மறந்தேன். அவர் போர் முடிந்ததும் மைதானத்தைத் தேடி வந்தார். எங்கள் இருவருக்கும் இடையே உள்ள வேறுபாடு பதக்கமன்று, இதுவே.

இந்த ஆண்டும் தடையோட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். நான்காவதாகவே வந்தாலும், அடுத்த நாள் காலை மைதானத்தில் என்னைக் காணலாம்.