பென்னிகுயிக்கும் அவரோடு உழைத்தவர்களும்



தேனி மாவட்டத்தில் தைப்பொங்கல் வந்தால், ஓர் ஆங்கிலேயப் பொறியாளருக்கும் பொங்கல் வைக்கிறார்கள். பாலார்பட்டி, சுருளிப்பட்டி போன்ற ஊர்களில் அவருடைய படத்துக்கு மாலை போடுகிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டியவர்களும் உண்டு. அவர்தான் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய கர்னல் ஜான் பென்னிகுயிக். அவருடைய வாழ்க்கையை நினைக்கும்போது, அவரோடு மலையேறிய ஏழைத் தொழிலாளர்களையும் சேர்த்து நினைப்பது நம் கடமை.

பென்னிகுயிக் 1841 ஜனவரி 15 அன்று பூனாவில் பிறந்தார். தந்தை இராணுவ அதிகாரி. 1849-இல் சில்லியான்வாலா போரில் தந்தையும் மூத்த சகோதரர் ஒருவரும் ஒரே நாளில் உயிரிழந்தனர். அப்போது சிறுவன் ஜானுக்கு எட்டு வயதுகூட நிறையவில்லை. இங்கிலாந்தில் படித்து, பொறியாளராகி, 1860-இல் சென்னை மாகாணத்துக்கு வந்து சேர்ந்தார்.

அவர் பிறந்த காலத்தில் இந்த நாட்டில் மனிதரை மனிதர் உடைமையாக வைத்திருப்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டிருந்தது. 1843-ஆம் ஆண்டின் 5-ஆம் சட்டம்தான் கம்பெனி ஆட்சிப் பகுதிகளில் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்றது. மலைக்கு அப்பால் திருவிதாங்கூரில் அரசே அடிமைகளை வைத்திருந்தது. அங்கே 1853-லும் 1855-லும் வந்த அரச அறிவிப்புகளால்தான் அடிமைமுறை ஒழிந்தது. 1862-இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் அடிமை வாணிகத்தைக் குற்றமாக்கியது.

சரி, அடிமையாக இல்லாத ஏழையின் நிலை என்ன? அவன் யாருக்கும் சொந்தமில்லை; அவனுக்கும் எதுவும் சொந்தமில்லை. வேலை இருந்த நாளில் கூலி, வேலை இல்லாத நாளில் பட்டினி. கலியாணத்துக்கோ வைத்தியத்துக்கோ முன்பணம் வாங்கினால், அந்தக் கடனே காலில் விலங்காகும். 1859-ஆம் ஆண்டின் 13-ஆம் சட்டம், முன்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்டுப் போகும் தொழிலாளியைச் சிறையில் அடைக்க வழி செய்தது. அது 1925 வரை நீங்கவில்லை. அடிமைமுறை போயிற்று, கட்டிவைக்கும் கயிறு மட்டும் வேறு வடிவில் தங்கிவிட்டது!

1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் வந்தது. வைகைக் கரையெங்கும் வயல்கள் காய்ந்தன. சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். நிவாரண வேலைக்கு வந்தவருக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று 1877-இல் அரசு அளந்தது. பலர் கங்காணியின் பின்னால் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கு நடந்தே போனார்கள்.

மேற்கே ஓடிக் கடலில் கலக்கும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பினால் இந்தப் பூமி பிழைக்கும் என்ற எண்ணம் பழையது. 1882-இல் அதற்கான திட்டத்தைச் செம்மைப்படுத்தும் பொறுப்பு பென்னிகுயிக்குக்குக் கிடைத்தது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூரோடு 999 ஆண்டுகளுக்குக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. 8,000 ஏக்கர் நிலத்துக்கு ஆண்டுக்கு 40,000 ரூபாய் வாடகை. 1887-இல் வேலை தொடங்கியது.

அணை எழும்பிய இடம் யானைக் காடு. சாலை கிடையாது. பொருள்கள் கூடலூர் அடிவாரம் வரை மாட்டு வண்டிகளில் வந்து, அங்கிருந்து மலைமேல் ஏற வேண்டும். சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் சேர்ந்து அணை எழும்பியது. சென்னை பயனியர் படைவீரர்களும், கொச்சியிலிருந்து வந்த போர்த்துக்கீசியத் தச்சர்களும், சமவெளியிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்களும் அங்கே உழைத்தார்கள். ஆற்றைத் தடுக்கப் போட்ட தற்காலிகத் தடுப்பணைகளை வெள்ளம் மீண்டும் மீண்டும் அடித்துச் சென்றது. பென்னிகுயிக் மனந்தளராமல் மீண்டும் தொடங்கினார். மனைவியின் நகைகளை விற்றுக் கட்டினார் என்று கம்பம் பள்ளத்தாக்கில் சொல்வதுண்டு. ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. ஆனால் நன்றியுள்ள மக்கள் அந்தக் கதையை விடுவதாயில்லை.

வெள்ளத்தைவிடக் கொடியது காய்ச்சல். மலேரியா முகாமை வாட்டியது. கட்டுமானக் காலத்தில் நோயால் இறந்து அணைக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டவர்கள் 483 பேர் என்று சொல்லப்படுகிறது. அவர்களை யாரும் சங்கிலியால் கட்டி மலைக்கு இழுத்துச் செல்லவில்லை. ஆனால் பசித்த வயிற்றோடு மலையேறுகிறவனை முழு விருப்பத்தோடு போகிறவன் என்று சொல்ல நமக்கு மனம் வருமா?

1895 அக்டோபர் 10 அன்று ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார். சுரங்கம் வழியாகத் தண்ணீர் கிழக்கே பாய்ந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் விளைந்தது. இன்று தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டங்கள் இந்தத் தண்ணீரால் பயன்பெறுகின்றன. நிலம் உள்ளவருக்கு நீர் வந்தது. நிலம் இல்லாதவருக்கு அந்த நிலத்தில் கூலி வேலை வந்தது. இரண்டையும் நாம் மறக்கக் கூடாது.

பென்னிகுயிக் தாயகம் திரும்பிப் பொறியியல் கல்லூரி ஒன்றின் தலைவராகப் பணியாற்றினார். 1911 மார்ச் 9 அன்று கேம்பர்லியில் காலமானார். 2013-இல் லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபம் எழும்பியது. 2022-இல் கேம்பர்லியிலேயே தமிழக அரசு அவருக்குச் சிலை வைத்தது. இந்தப் பெருமைக்கு அவர் தகுதியானவர்தான். ஆனால் அந்த 483 பேரில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்?

திராட்சைத் தோட்ட வேலையாள்கள் பற்றிய இயேசுவின் உவமை நமக்குத் தெரிந்ததே. உரோமைப் பேரரசு அடிமைகளால் நிறைந்திருந்தது. அந்தச் சமூகத்தில் சந்தைவெளியில் மாலை வரை காத்து நின்றவர்கள் அடிமைகள் அல்லர். யாரும் வேலைக்கு அமர்த்தாத ஏழைத் தினக்கூலிகள். தோட்ட உரிமையாளர் கடைசியில் வந்தவருக்கும் முழு நாள் கூலி கொடுத்தார். அந்தக் குடும்பத்துக்கும் அன்றிரவு ஒரு நாள் சாப்பாடு வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இன்றும் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியுமுன் ஜீப்புகள் புறப்படுகின்றன. நம் பெண்கள் சாப்பாட்டுத் தூக்குடன் நெருக்கியடித்து ஏறி, எல்லை கடந்து இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. ஆனால் முன்பணக் கடன், பாதுகாப்பில்லாத பயணம், வேலையில்லாத நாளின் வெறும் அடுப்பு ஆகியவை இன்னும் ஒழியவில்லை.

நம் வீட்டில், நம் வயலில், நம் நிறுவனங்களில் வேலை செய்பவரின் பெயர் நமக்குத் தெரியுமா? அவருடைய கூலி அன்றன்றே அவர் கையில் சேர்கிறதா? நோயுற்ற நாளில் அவர் வீட்டில் உலை கொதிக்கிறதா என்று விசாரித்திருக்கிறோமா?

அடுத்த பொங்கலுக்குப் பென்னிகுயிக்குக்கு மாலையிடும் கைகள், அந்த மலைக்காட்டில் உறங்குகிறவர்களுக்காகவும் ஒரு விளக்கை ஏற்றட்டும். விடியலில் ஜீப் ஏறுகிறவர்களுக்கு உரிய கூலியையும் உரிய மதிப்பையும் தருவதே நாம் அவர்களுக்குச் செலுத்தும் உண்மையான நன்றிக்கடன். சிந்திப்போம், செயல்படுவோம்!