டோனாவூர் அன்னை

முன்னுரை

பெற்றால்தான் பிள்ளையா என்று நம் பாட்டிமார் கேட்பதுண்டு. அக்கேள்விக்குத் தம் வாழ்க்கையையே விடையாகத் தந்தவர் ஏமி கார்மைக்கேல் அம்மையார். அவர் நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சார்ந்தவர் அல்லர். சீர்திருத்த சபையின் மறைபணியாளர். ஆயினும் தமிழ் மண்ணில் அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்து, நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்குத் தாயாக விளங்கிய அவரை நாம் அறிவது நன்று. அவர் அன்பினால் செய்ததை இன்றைய அறிவியல் ஹார்மோன்களைக் கொண்டு விளக்குகிறது என்பது வியப்புக்குரியது.

இளமைப் பருவம்

வட அயர்லாந்தில் மில்லைல் என்னும் கடற்கரைக் கிராமத்தில் 1867-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் ஏமி பிறந்தார். பெற்றோரின் ஏழு பிள்ளைகளுள் அவரே மூத்தவர். தந்தையார் மாவு ஆலை நடத்தி வந்தார். ஏமி சிறுமியாக இருந்தபோது, நீல நிறக் கண்கள் வேண்டும் என்று ஓர் இரவு இறைவனிடம் செபித்தார். காலையில் கண்ணாடியில் பார்த்தால் அதே பழுப்புக் கண்கள்! குழந்தை ஏமாந்து போயிற்று. பின்னாளில் சேலை உடுத்தி நம் பெண்களோடு பெண்ணாகப் பழகியபோது, அப்பழுப்புக் கண்களின் பயன் அவருக்கு விளங்கிற்று.

1885-இல் தந்தையை இழந்தார். அதன்பின் பெல்பாஸ்ட் நகரில் ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களிடையே தொண்டு புரிந்தார். 1893-இல் ஜப்பானுக்குச் சென்றார். உடல்நலம் கெட்டுத் திரும்பினார். 1895-இல் இந்தியா வந்தவர், அதன்பின் ஒருமுறை கூடத் தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை.

பிரீனாவின் வருகை

திருநெல்வேலிச் சீமையில் தாமஸ் வாக்கர் என்னும் மறைபணியாளரிடம் ஏமி தமிழ் கற்றார். ஊர் ஊராக மாட்டுவண்டியில் சென்று பெண்களைச் சந்தித்தார். அந்நாளில் சிறு பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் இருந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போன்றோரின் நெடிய போராட்டத்திற்குப் பின் 1947-இல் சென்னை மாகாணத்தில் அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

அவ்வாறு விடப்பட்ட ஏழு வயதுச் சிறுமி பிரீனா. ஒருமுறை அவள் தப்பித் தூத்துக்குடியிலிருந்த தன் தாயிடம் ஓடினாள். ஆனால் தெய்வக் குற்றத்துக்கு அஞ்சிய தாய், தேடி வந்தவர்களிடம் மகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஓடியதற்குத் தண்டனையாக அச்சிறுமியின் கைகளில் சூடு போட்டார்கள். தோழியரே, எரிந்த கைகளைவிட, தாய் தன்னைக் கைவிட்டதே அவளுக்குப் பெரிய காயமாக இருந்திருக்கும் அல்லவா?

பிரீனா மீண்டும் தப்பினாள். 1901 மார்ச் 7-ஆம் நாள் பண்ணைவிளையில் ஒரு பெண் அவளை ஏமியிடம் அழைத்து வந்தாள். ஏமி அவளை மடியில் அமர்த்திக்கொண்டார். பிரீனா அவரை அம்மா என்று அழைக்கத் தொடங்கினாள். பின்னர் அனைவருக்கும் அவர் அம்மாவே ஆனார்.

அக்காள்களும் சித்திகளும்

நாளடைவில் டோனாவூரில் குழந்தைகள் பெருகினர். கைக்குழந்தைகளும் வந்தனர். ஏமி அவர்களைப் பெரிய கூடங்களில் அடைத்து வளர்க்கவில்லை. சிறு சிறு வீடுகளில் குடும்பம் போல வாழவைத்தார். பிள்ளைகளைப் பேணிய தமிழ்ப் பெண்கள் அக்காள் என்றும், வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் சித்தி என்றும் அழைக்கப்பட்டனர். ஏமியின் வலக்கரமாக நின்ற பொன்னம்மாள், நோயுற்ற பச்சிளங் குழந்தைகளை இரவு பகலாகக் காத்தார். 1915-இல் புற்றுநோயால் மறைந்தார்.

பல குழந்தைகளின் பிறந்த நாள் யாருக்கும் தெரியாது. ஆகவே அவர்கள் வந்து சேர்ந்த நாளையே விழாவாகக் கொண்டாடினர். நீ வந்ததில் எங்களுக்கு மகிழ்ச்சி என்று ஒரு குழந்தைக்கு உணர்த்த இதைவிடச் சிறந்த வழி ஏது? 1918 முதல் ஆண் குழந்தைகளும் சேர்க்கப்பட்டனர்.

1931-இல் ஏமி தவறி விழுந்து கால் எலும்பு முறிந்தது. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அறைக்குள்ளேயே கழிந்தன. அங்கிருந்தே நூல்கள் பல எழுதினார். 1951 ஜனவரி 18-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். அவர் விருப்பப்படி கல்லறைக் கல் நாட்டப்படவில்லை. பறவைகள் நீர் அருந்தும் ஒரு தொட்டியே அவ்விடத்தில் உள்ளது.

அறிவியல் கூறுவது

அதே 1951-ஆம் ஆண்டில் ஜான் பௌல்பி என்னும் ஆங்கில மருத்துவர், உலக சுகாதார நிறுவனத்திற்காக ஓர் அறிக்கை வெளியிட்டார். உணவும் உடையும் மட்டும் குழந்தைக்குப் போதாது; தாயோ, தாய்க்கு நிகரான ஒருவரோ மாறாமல் உடனிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். டோனாவூரில் அது முன்பே நடந்துகொண்டிருந்தது!

பத்தாம் வகுப்பு அறிவியலில் அட்ரினல் சுரப்பியைப் பற்றிப் படிக்கிறோம். அது சுரக்கும் கார்டிசோல், நெருக்கடியைச் சமாளிக்க உடலுக்கு உதவுகிறது. காலையில் விழித்தவுடன் அது உயர்ந்து, இரவில் குறையும். அச்சம் வந்தால் ஏறும். ஆறுதல் கிடைத்தால் இறங்கும். அழும்போது ஓடி வர ஒருவருமில்லாத குழந்தையிடம் இந்த ஏற்ற இறக்கம் குலைந்துவிடக் கூடும். ருமேனியா நாட்டு அனாதை இல்லங்களின் குழந்தைகளைச் சுமார் 12 வயதில் ஆராய்ந்தபோது, இல்லத்திலேயே வளர்ந்தவர்களின் உடல் நெருக்கடிக்குச் சரியாக எதிர்வினை காட்டவில்லை. இரண்டு வயதுக்கு முன்பே வளர்ப்புக் குடும்பத்தில் சேர்ந்தவர்களின் உடலோ, பெற்றோரிடம் வளர்ந்தவர்களைப் போலவே இயங்கிற்று.

அப்படியானால் காலந்தாழ்த்தி வந்தவர்களுக்கு வழியில்லையா? உண்டு. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் ஒரு நற்செய்தி வெளியிட்டனர். அனாதை இல்லங்களிலிருந்து அன்பான குடும்பங்களுக்குத் தத்து வந்த பிள்ளைகள் பருவமடையும் காலத்தில், குலைந்திருந்த கார்டிசோல் மீண்டும் சீராகிறது என்று கண்டனர். நம் வயது, கெட்டதைத் திருத்திக்கொள்ள உடலுக்குக் கிடைக்கும் இரண்டாம் வாய்ப்பு!

முடிவுரை

நம் மறைமலை நகரில் தொழிற்சாலை ஷிப்டுக்காகத் தந்தை இரவில் கிளம்பும் வீடுகள் பல. தாயும் வேலைக்குச் செல்லும் வீடுகள் உண்டு. ஊரிலிருந்து வந்த பாட்டியோ, அடுத்த வீட்டு அத்தையோ, விடுதியில் சகோதரிகளோ நம்மைப் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களும் நமக்கு அக்காள்களும் சித்திகளுமே. பெற்றோரே, களைத்து வந்தாலும் எங்களிடம் சற்று நேரம் பேசுங்கள். தோழியரே, வகுப்பில் ஒருத்தி யாரோடும் பேசாமல் ஒதுங்கி அமர்ந்தால், திமிர் என்று எண்ணாமல் அருகில் போய் அமர்வோம். அவள் வந்ததில் நமக்கு மகிழ்ச்சி என்று உணர்த்துவோம். டோனாவூர் அன்னைக்கு நாம் செய்யும் நன்றி அதுவேயாகும்!