சிரிக்க வைத்தவரின் கடன்

தொலைக்காட்சியில் ஒரு நகைச்சுவைக் காட்சி போகும்போது நடிப்பவரைத்தான் நாம் பார்க்கிறோம். எழுதியவர் யார், தயாரித்தவர் யார் என்று கடைசியில் ஓடும் பெயர்களை வாசிப்பதற்குள் அலைவரிசையை மாற்றிவிடுகிறோம். ஏர்னி கோவாக்ஸ் எழுதியவரும் தயாரித்தவரும் நடித்தவரும் தானேயாக இருந்தவர். அமெரிக்க வீடுகளுக்குள் தொலைக்காட்சிப் பெட்டி புதிதாக நுழைந்துகொண்டிருந்த 1950களில், பின்னிரவு நிகழ்ச்சிகளிலும் வேறு நேரங்களிலும் யாரும் செய்திராத பகிடிகளைச் செய்தவர். அவர் இறந்து அறுபது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. ஆனால் அந்தப் பகிடிகளுக்காக மட்டும் நான் அவரைப் பற்றி எழுத எடுக்கவில்லை. அவர் விட்டுப்போன கடனும் அதை அடைத்த ஒரு பெண்ணும்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தார்கள்.

1919 ஜனவரி 23ஆம் திகதி நியூ ஜேர்சி மாநிலத்தின் ட்ரென்டன் நகரில் அவர் பிறந்தார். தந்தை ஹங்கேரியிலிருந்து குடியேறியவர். பாடசாலையில் கோவாக்ஸ் கெட்டிக்கார மாணவர் அல்லர். ஆனால் அவரிடம் இருந்த நடிப்பை நாடக ஆசிரியர் ஒருவர் கண்டுகொண்டார். அதனால் நியூயோர்க்கில் உள்ள நாடகக் கல்லூரி ஒன்றுக்குப் புலமைப்பரிசில் கிடைத்தது. இருபது வயதில் நியூமோனியா அவரைப் படுக்கையில் தள்ளியது. பிழைப்பது கடினம் என்று வைத்தியர்கள் நினைத்தார்கள். ஒன்றரை வருடங்களுக்கு மேல் வைத்தியசாலைகளிலேயே கழிந்தது. பக்கத்துக் கட்டில்களில் இருந்த நோயாளிகளையும் வைத்தியர்களையும் சிரிக்க வைப்பதே அங்கே அவருக்குத் தொழிலாகிப் போனது. யாரோ அன்பளித்த ஒரு வானொலிப் பெட்டியில் மேலைத்தேய சாஸ்திரிய இசையை நாள் முழுவதும் கேட்டார். பிற்காலத்தில் இசையின் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பகிடி விழுமாறு அவர் காட்சிகளை அமைத்ததற்கு விதை அந்தக் கட்டிலில் விழுந்தது என்றே நான் நினைக்கிறேன்.

வீடு திரும்பியபோது பெற்றோர் பிரிந்திருந்தார்கள். ஒரு கடைக்கு மேலேயிருந்த இரண்டு அறைகளில் தாயுடன் வசித்தார். 1941இல் ட்ரென்டன் வானொலியில் அறிவிப்பாளராகச் சேர்ந்து ஏறக்குறைய ஒன்பது வருடங்கள் இருந்தார். உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் பத்தியும் எழுதினார்.

1950இல் பிலடெல்பியாத் தொலைக்காட்சி அவரை அழைத்தது. விடியற்காலையில் யார் தொலைக்காட்சி பார்ப்பார்கள் என்று எல்லோரும் கேட்ட காலத்தில் அவருக்குக் காலை நிகழ்ச்சி ஒன்றைக் கொடுத்தார்கள். மக்கள் பார்த்தார்கள். கையில் பணமில்லை என்பதால் கிடைத்ததையெல்லாம் கருவியாக்கினார். வெறும் தகரப் பேணியையும் கண்ணாடித் துண்டுகளையும் கமராவின் முன் பொருத்தி, பார்ப்பவர் தலை சுற்றும்படி படத்தைச் சிதறடித்தார். மற்றவர்கள் மேடையில் செய்த வேடிக்கையைக் கமரா படம்பிடித்தது. இவர் கமராவையே வேடிக்கை செய்ய வைத்தார். ஈடி அடம்ஸ் என்ற பாடகி 1951இல் இந்த நிகழ்ச்சியில்தான் வந்து சேர்ந்தார். ஜுலியார்ட் இசைக் கல்லூரியில் படித்தவர்.

கோவாக்ஸின் முதல் திருமணம் அப்போது முறிந்திருந்தது. இரண்டு பெண் பிள்ளைகளையும் தகப்பனிடமே நீதிமன்றம் ஒப்படைத்தது. அந்தக் காலத்தில் அது அபூர்வமான தீர்ப்பு. ஆனால் தாய் பிள்ளைகளைக் கொண்டு மறைந்துவிட்டார். கோவாக்ஸ் ஊர் ஊராகத் தேடுவித்தார். 1955இல் புளோரிடாவில் பிள்ளைகள் கிடைக்கும் வரை, உள்ளே அழுதுகொண்டு வெளியே ஒரு நாட்டைச் சிரிக்க வைத்த தகப்பன் அவர். இதற்கிடையில் 1954இல் ஈடியும் அவரும் மெக்சிக்கோவில் திருமணம் செய்துகொண்டார்கள்.

அதே காலத்தில் டூமோன்ட் நிறுவனத்தின் நியூயோர்க் நிலையத்தில் அவருடைய பின்னிரவு நிகழ்ச்சி ஓடியது. 1956 ஒக்டோபரிலிருந்து சில மாதங்கள் என்.பி.சியின் டுநைட் நிகழ்ச்சியைத் திங்கள், செவ்வாய் இரவுகளில் அவர் நடத்தினார். மற்ற இரவுகள் ஸ்டீவ் அலனுடையவை. அரங்கில் பார்வையாளரை இருத்தி அவர்களின் சிரிப்பைக் காட்டுவது கோவாக்ஸுக்குப் பிடிக்கவில்லை. கமராவின் கண்ணுக்கு மட்டும் தெரியும் பகிடி, மண்டபத்தில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

1957 ஜனவரி 19ஆம் திகதி இரவு அவருடைய பெயரை நிலைநிறுத்தியது. டீன் மார்ட்டினை விட்டுப் பிரிந்த ஜெரி லூயிஸ் தனியாகத் தோன்றும் நிகழ்ச்சிக்கு என்.பி.சி ஒன்றரை மணித்தியாலம் ஒதுக்கியிருந்தது. தனக்கு ஒரு மணித்தியாலம் போதும் என்றார் லூயிஸ். அவ்வளவு பெரிய நட்சத்திரத்துக்குப் பின்னால் மிஞ்சிய அரை மணித்தியாலத்தைக் கோவாக்ஸ் எடுத்துக்கொண்டார். அறிமுகம் முடிந்ததும் அதில் பேச்சே இல்லை. இசையும் ஓசைகளும் மட்டும்தான். யூஜின் என்ற அப்பாவி மனிதன் ஒரு மேசையில் உட்கார்ந்து சாப்பாட்டைப் பிரிக்கிறான். ஒலிவ் பழங்கள் ஒவ்வொன்றாக மேசையில் உருண்டு ஓடுகின்றன. பாலை ஊற்றினால் அது நேரே கோப்பையில் விழாமல் பக்கவாட்டாகச் சரிந்து போகிறது. மேசையையும் அறையையும் ஒரு பக்கம் சாய்த்துக் கட்டி, கமராவையும் அதே அளவு சாய்த்து வைத்திருந்தார்கள். படத்தில் எல்லாம் நிமிர்ந்து தெரியும். பாலுக்கு மட்டும் உண்மை தெரியும். நான் இதன் பதிவைப் பார்த்தபோது ஆங்கிலம் ஒரு சொல்லும் அறியாத மூத்தம்மாவும் அருகில் இருந்தார். அந்த மேசையை யாராவது நிமிர்த்தி வைக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அடுத்த நாள் விமர்சகர்கள் லூயிஸை விட்டுவிட்டு இவரைப் பாராட்டினார்கள். ஹொலிவூட் அழைத்தது. சில படங்களில் நடித்தார். அவை எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. 1961இல் ஏ.பி.சிக்காக மாதம் ஒரு நிகழ்ச்சி செய்தபோதுதான் மறுபடியும் தன் சொந்த இடத்துக்கு வந்தார். ஒளிப்பதிவு நாடா அப்போது புதிது. சில வினாடிகள் ஓடும் பகிடிக்காக மணிக்கணக்கில் உழைத்தார்.

திறமையானவர்களின் குறைகளை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவது வாழ்க்கை வரலாறு எழுதுபவர்களின் வழக்கம். எனக்கு அது சரியாகத் தெரியவில்லை. கோவாக்ஸ் சீட்டாட்டத்தில் பெரும் பணத்தைத் தொலைத்தார். வருமான வரி அநியாயம் என்று நினைத்து அதைக் கட்டாமல் விட்டார். வெறும் காகிதத்தில் மட்டும் இருந்த கம்பனிகளை உண்டாக்கிக் கணக்கைச் சிக்கலாக்கினார். சூது ஒரு வீட்டை என்ன செய்யும் என்பதை நம் வீடுகளில் சொல்லித்தர வேண்டியதில்லை. அதன் விலையைக் கொடுத்தவர் அவரல்லர்.

1962 ஜனவரி 13ஆம் திகதி அதிகாலை, நடிகர் மில்டன் பேர்ளின் வீட்டு விருந்திலிருந்து இருவரும் வெவ்வேறு கார்களில் திரும்பினார்கள். மழை தூறியிருந்தது. லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் கோவாக்ஸின் கார் சறுக்கி மின்கம்பத்தில் மோதியது. நாற்பத்து மூன்றாவது பிறந்த நாளுக்குப் பத்து நாட்கள் இருந்தன. அவருடைய கடைசி நிகழ்ச்சி அவர் இறந்த பிறகே ஒளிபரப்பானது. அவ்வருடமே கமராக் கலைக்கான எம்மி விருது அவர் பெயருக்குக் கிடைத்தது.

நம் ஊரில் ஜனாஸாத் தொழுகைக்கு முன் குடும்பத்தவர் ஒருவர் எழுந்து, மையித்துக்கு யாரிடமாவது கொடுக்கல் வாங்கல் இருந்தால் தன்னிடம் வரும்படி சொல்வார். சிறு வயதில் அது வெறும் சடங்கு என்று நினைத்திருந்தேன். ஈடியிடம் வரி அதிகாரிகள் வந்தார்கள். இலட்சக்கணக்கான டொலர் கடன். அவருடைய சம்பளத்திலும் கை வைத்தார்கள். ஃபிராங்க் சினாட்ரா போன்ற நண்பர்கள் நிதி திரட்ட நிகழ்ச்சி நடத்த முன்வந்தார்கள். ஈடி வேண்டாம் என்றார். இரவு விடுதிகளில் பாடினார், விளம்பரங்களில் தோன்றினார், படங்களில் நடித்தார். பல வருடங்கள் உழைத்து முழுக் கடனையும் அடைத்தார். கோவாக்ஸின் முதல் மனைவி மூத்த பிள்ளைகள் இருவரையும் கேட்டு நீதிமன்றம் போனபோது, தான் பெறாத அந்தப் பிள்ளைகளுக்காகவும் வழக்காடி வென்றார். தன் மகளோடு சேர்த்து மூன்று பேரையும் வளர்த்தார்.

இவ்வளவுக்கும் நடுவில் இன்னொரு செய்தி அவருக்கு எட்டியது. நாடா விலை கூடிய பொருள் என்பதால் தொலைக்காட்சி நிறுவனங்கள் பழைய நிகழ்ச்சிகளை அழித்துவிட்டு அதே நாடாவில் வேறு பதிவு செய்துகொண்டிருந்தன. கோவாக்ஸின் நிகழ்ச்சிகளும் அப்படிப் போய்க்கொண்டிருந்தன. கடன்காரர்கள் வாசலில் நிற்க, காப்புறுதிப் பணத்தையும் தன் உழைப்பையும் கொடுத்துக் கிடைத்த நாடாக்களையும் உரிமைகளையும் வாங்கினார். 1975இல் தொடங்கிய சாட்டர்டே நைட் லைவ் போன்ற பின்னிரவு நிகழ்ச்சிகளுக்குக் கோவாக்ஸ் முன்னோடி என்று இன்று சொல்கிறார்கள் என்றால், காட்டுவதற்கு அந்த நாடாக்கள் மிஞ்சியிருப்பதால்தான்.

எல்லாவற்றையும் அவரால் காப்பாற்ற முடியவில்லை. 1996இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் நடத்திய விசாரணையில், டூமோன்ட் நிறுவனத்தின் பதிவுகள் லொறிகளில் ஏற்றப்பட்டு நியூயோர்க் குடாவில் கொட்டப்பட்டதை ஈடி சாட்சியமாகச் சொன்னார். 2008இல் அவர் காலமானார். அவர் வாங்கிச் சேர்த்தவை இப்போது அதே நூலகத்தில் இருக்கின்றன.