அரண்மனை போயிற்று, பள்ளிவாசல் நின்றது

திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசலில் தொழுதெழும் நாம், அதன் பெயருக்குரிய நவாப் முஹம்மது அலி வாலாஜா அவர்களை எண்ணிப் பார்ப்பது அரிது.

1749ல் ஆம்பூர்ப் போரில் தந்தை அன்வருத்தீன் கான் மடிந்தபின், ஆற்காட்டு ஆட்சிக்காக ஆங்கிலேயரின் துணையை நாடினார்கள். ஆட்சி கிடைத்தது, கூடவே பெருங்கடனும் வந்தது. கடனுக்கு நாட்டின் வரி வருமானமே ஈடாயிற்று. அச்சுமை குடிமக்கள் தலையில் விழுந்தது. இதை மறைப்பது நியாயமன்று.

1768ல் சேப்பாக்கத்தில் அரண்மனை எழுந்தது. ஹிஜ்ரி 1209ல், அதாவது 1795ல், இப்பள்ளிவாசல் எழுந்தது. இரும்பும் மரமும் சேர்க்காமல் கருங்கல்லாலேயே கட்டினார்கள். கட்டிய ஆண்டைக் குறிக்கும் பார்ஸி வாசகத்தை இயற்றியவர் ராஜா மக்கன் லால் என்னும் இந்து அறிஞர். அவ்வாண்டு அக்டோபரில் நவாப் அவர்கள் வபாத்தானார்கள்.

1801ல் ஆட்சி கம்பெனியிடம் போயிற்று. 1855ல் நவாப் பட்டம் முடிந்தது. அரண்மனையும் அரசாங்கத்தின் கைக்குச் சென்றது. பள்ளிவாசலிலோ இன்றும் ஐவேளையும் பாங்கு ஒலிக்கிறது.

மனிதன் மறைந்தபின்னும் நன்மை சேர்க்கும் அமல்களில் ஸதகத்துல் ஜாரியாவும் ஒன்றென நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்தார்கள். கருங்கல் மாளிகை எழுப்ப நம்மால் இயலாது. மஹல்லாப் பள்ளிக்கு ஒரு பாய், ஒரு தண்ணீர்க் குழாய் இயலும். கடனை அடைத்துவிட்டுக் கொடுப்போம். நவாப் அவர்களின் பிழைகளை அல்லாஹ் மன்னிப்பானாக! நம் பிழைகளையும் மன்னிப்பானாக! ஆமீன்.