கண்ணாடிக் கீறலைக் கணக்கிட்ட கிரிஃபித்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

விஞ்ஞானிகளின் வரலாறு என்றவுடன் நியூட்டன், ஐன்ஸ்டீன், நமது சர் சி. வி. இராமன் ஆகியோரே நினைவுக்கு வருவர். நான் எழுத எடுத்துக்கொண்டவர் ஆலன் ஆர்னால்டு கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியியல் மேதை. அவரை நான் தேடிச் செல்லக் காரணமாயிருந்தது உடைந்துபோன என் செல்பேசி.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பாடங்களுக்குத் தேவைப்படும் என்று அப்பா வட்டிக்குக் கடன் வாங்கி அந்தச் செல்பேசியை வாங்கித் தந்தார். அதன் கண்ணாடியைச் சாவியால் கீறினாலும் கோடு விழாது. நண்பர்கள் முன் பலமுறை கீறிக் காட்டிப் பெருமை கொண்டிருக்கிறேன். ஒரு நாள் பேருந்திலிருந்து இறங்கும்போது கை தவறி விழுந்தது. எடுத்துப் பார்த்தால் சிலந்திவலை போல் விரிசல்! சாவிக்கு அசையாத கண்ணாடி இடுப்பளவு உயரத்துக்கா தோற்றது என்று திகைத்தேன்.

அப்பா ஒரு கண்ணாடிக் கடையில் கண்ணாடி வெட்டும் தொழிலாளி. அவர் திட்டுவார் என்று பயந்து இரண்டு நாள் மறைத்தேன். பார்த்தபோது திட்டவில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, எல்லா விரிசல்களும் புறப்பட்ட ஓரத்து மூலையை விரலால் காட்டினார். கண்ணாடியை யாரும் முழுதாக வெட்டுவதில்லை, ஒரு கோடு கீறிவிட்டுத் தட்டினால் அதுவே அவ்வழியே பிளந்துகொள்ளும் என்பது அவர் தொழிலின் பாலபாடம். அந்தப் பாடத்தைக் கணக்காக எழுதியவர் கிரிஃபித் என்று பின்னர் நூலகத்தில், அகராதியின் துணையோடு, தெரிந்துகொண்டேன்.

கீறலைத் தாங்குவது வேறு, உடைவைத் தாங்குவது வேறு. முன்னதற்குக் கடினத்தன்மை என்று பெயர். ஃபிரீட்ரிக் மோஸ் என்ற ஜெர்மானியர் 1812-ல் பத்துக் கனிமங்களை வரிசைப்படுத்தி அதற்கு ஓர் அளவுகோல் தந்தார். டால்க் 1, வைரம் 10. செல்பேசிக் கண்ணாடி ஏறத்தாழ 6. சாவியின் உலோகம் அதற்குக் கீழே, ஆற்று மணலிலுள்ள குவார்ட்ஸ் அதற்கு மேலே, 7. ஆகவே சாவி கீறாது, சட்டைப்பையில் ஒட்டிய மணல் கீறும். ஆனால் எல்லாவற்றையும் கீறும் வைரமே சம்மட்டி அடியில் பிளந்துவிடும். நான் சாவியை வைத்துக் காட்டிய வித்தை கண்ணாடியின் ஒரு குணத்தை மட்டுமே காட்டியது.

கிரிஃபித் 1893 ஜூன் 13 அன்று லண்டனில் பிறந்தார். தந்தை ஜார்ஜ் கிரிஃபித் நாவலாசிரியர். விமானம் பறப்பதற்கு முன்பே வான்போர்க் கப்பல்களைக் கற்பனை செய்து கதைகள் எழுதியவர். மகனுக்குப் பதின்மூன்று வயது நிரம்புவதற்குள், 1906-ல், அவர் காலமானார். லிவர்ப்பூல் பல்கலைக்கழகத்தில் பயின்ற கிரிஃபித், 1914-ல் இயந்திரப் பொறியியலில் பட்டம் பெற்றார். மறு ஆண்டே, முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, ஃபார்ன்பரோவிலிருந்த அரசு விமானத் தொழிற்சாலையில் சேர்ந்தார்.

அங்கே ஜி. ஐ. டெய்லருடன் சேர்ந்து அவர் செய்த முதல் சாதனை சோப்பு நீரில் அமைந்தது. ஒரு தண்டை முறுக்கினால் உள்ளே எங்கே தகைவு மிகும்? தண்டின் குறுக்குவெட்டு வடிவில் தகட்டில் துளையிட்டு, அதன்மேல் சோப்புப் படலம் பரப்பிச் சற்றே உப்பச் செய்தார்கள். படலம் எங்கே செங்குத்தாகச் சரிகிறதோ அங்கே தகைவு அதிகம்! 1917-ல் வெளியான இம்முறைக்குப் பொற்பதக்கம் கிடைத்தது.

படலத்தில் பார்த்தபோது, தண்டின்மேல் கண்ணுக்கே தெரியாத கீறல்கூட அவ்விடத்தில் தகைவைப் பன்மடங்காக்குவது தெரிந்தது. இங்கிலிஸ் என்ற பேராசிரியர் 1913-ல் போட்ட கணக்கின்படி, வடிவம் ஒன்றாயிருந்தால் சிறு கீறலும் பெருங்கீறலும் ஒரே அளவு கெடுதி செய்ய வேண்டும். நடைமுறையில் அப்படி இல்லை. இந்த முரண்பாட்டைப் பிடித்துக்கொண்டார் கிரிஃபித். சிக்கலில்லாமல் பட்டென்று உடையும் பொருள் வேண்டுமென்பதால் கண்ணாடியைத் தேர்ந்தெடுத்தார்.

நீர்த்துளியைக் கொண்டு நாம் படிக்கும் பரப்பு இழுவிசை திடப்பொருளுக்கும் உண்டு என்பதே அவருடைய திறவுகோல். விரிசல் வளர்ந்தால் புதிய பரப்பு உண்டாகிறது. அதற்கு ஆற்றல் செலவாகும். அதே சமயம், இழுபட்டிருந்த கண்ணாடி தளர்வதால் ஆற்றல் வெளிப்படும். விரிசல் சிறிதாயிருக்கும்வரை செலவே அதிகம், எனவே அது அடங்கிக் கிடக்கும். ஒரு குறிப்பிட்ட நீளத்தைத் தாண்டினால் வரவு செலவை மிஞ்சிவிடும். பிறகு யாரும் தள்ள வேண்டியதில்லை, அது தானே ஓடும். விரிசல் நான்கு மடங்கு நீண்டால் வலிமை பாதியாகிறது. கண்ணாடிக் குழாய்களிலும் குமிழ்களிலும் விரிசல் உண்டாக்கி, உள்ளே அழுத்தம் ஏற்றி வெடிக்கச் செய்து இதைச் சரிபார்த்தார்.

பின்னர் கண்ணாடியை உருக்கி இழைகளாக இழுத்தார். ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள இழை ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 17 கிலோ எடையில் அறுந்தது. மில்லிமீட்டரில் முந்நூறில் ஒரு பங்கு தடிமனுள்ளதோ ஏறத்தாழ 345 கிலோ வரை தாங்கியது! மெல்லிய இழையில் பெரிய விரிசலுக்கு இடமேது? கண்ணாடி பிறவியிலேயே பலவீனமானது அன்று, அதன் மேலுள்ள நுண்கீறல்களே அதைப் பலவீனமாக்குகின்றன என்று விளங்கியது. ராயல் சொசைட்டி 1921-ல் இக்கட்டுரையை வெளியிட்டது.

இந்த ஆய்வு நின்ற கதை வேடிக்கையானது. ஒரு மாலை உதவியாளர் லாக்ஸ்பெய்சர் கண்ணாடி உருக்கும் எரிவாயு விளக்கை அணைக்க மறந்து வீட்டுக்குப் போனாராம். ஆய்வகம் தீப்பிடித்தது. விசாரணைக்குப் பின் கண்ணாடி வேலைக்கு முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது என்று சொல்வார்கள். கிரிஃபித் விமான எஞ்சின் பக்கம் சென்றார். 1926-ல் டர்பைன் அலகுகளை விமான இறக்கையின் வடிவில் அமைக்க வேண்டும் என்று நிறுவினார். 1939-ல் ரோல்ஸ் ராய்ஸில் சேர்ந்து 1960 வரை பணியாற்றினார். ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. 1929-ல் ஃபிராங்க் விட்டில் என்ற இளைஞர் ஜெட் எஞ்சின் யோசனையோடு வந்தபோது, அதன் கணக்கிலிருந்த பிழையைச் சுட்டிக்காட்டியவர் கிரிஃபித். அரசு விட்டிலுக்கு உதவவில்லை. பின்னாளில் அந்த எஞ்சின் ஓடியது, பறக்கவும் செய்தது. பிழையைக் கண்ட கண் யோசனையின் பெருமையைக் காணாமல் போனதே என்பது என் வருத்தம்.

விரிசல் தத்துவமோ ஏறக்குறைய இருபது ஆண்டுகள் தூங்கியது. 1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லாண்டு துறையில், அமைதியான நீரில் நின்றிருந்த ஷெனெக்டடி என்ற புதிய எண்ணெய்க் கப்பல் திடீரென்று நடுவில் பிளந்தது. போருக்குப் பின் இர்வின் என்ற அமெரிக்கர் கிரிஃபித்தின் கணக்கை உலோகங்களுக்கும் விரிவாக்கினார்.

1962-ல் கார்னிங் நிறுவனம் இரசாயன முறையில் உறுதியாக்கிய கண்ணாடியை அறிமுகப்படுத்தியது. 2007-ல் அவ்வழியில் வந்த கண்ணாடி செல்பேசிக்கு வந்தது. கண்ணாடியைச் சுமார் 400 டிகிரி செல்சியஸில் உருகிய பொட்டாசியம் உப்பில் மூழ்கவைப்பார்கள். மேற்பரப்பிலிருந்து சிறிய சோடியம் அயனி வெளியேறி, பெரிய பொட்டாசியம் அயனி அவ்விடத்தில் புகுந்து நெருக்கும். கூட்டம் நிறைந்த பேருந்தில் ஒல்லியானவர் இறங்கிப் பருத்தவர் ஏறினாற்போல! அந்த நெருக்கத்தில் நுண்கீறல்களின் வாய் திறப்பதில்லை. ஆனால் அந்த அடுக்கு மயிரிழை ஆழமே. அதைத் துளைத்துவிட்டால் கிரிஃபித்தின் கணக்கு தொடங்கிவிடும். நீலக்கல் தகடு போட்டால் மணலும் கீறாது. ஆனால் அது கண்ணாடியைப் போல் வளைந்து கொடுக்காது, விலையும் அதிகம். கைக்கடிகாரத்துக்கும் கேமராவின் மூடிக்கும் அது பொருந்துகிறது.

கிரிஃபித் 1963 அக்டோபர் 13 அன்று காலமானார்.

இதையெல்லாம் ஓர் இரவு அப்பாவிடம் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, அந்த மனிதர் காகிதத்தில் மட்டும் கணக்குப் போட்டவரா, கண்ணாடியைக் கையால் தொட்டவரா என்று விசாரித்தார். தீயில் உருக்கி இழை இழுத்தவர் என்றேன். அப்படியானால் சரி என்று தலையசைத்தார். செல்பேசிக்குப் புதுக் கண்ணாடி மாற்ற இன்னும் பணம் சேரவில்லை. விரிசலின்மேல் அவர் ஒட்டிக் கொடுத்த டேப்புடன்தான் இக்கட்டுரைக்கான குறிப்புகளைப் படித்தேன்.