எல்லை கடந்த வள்ளியம்மை

பூம்புகாருக்குத் தெற்கே, தரங்கம்பாடியை அடுத்து அமைந்த சிற்றூர் தில்லையாடி. பழைய தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரின் பெயரைத் தாங்கி நிற்கும் வள்ளியம்மை பிறந்ததும் மறைந்ததும் தென்னாப்பிரிக்காவின் ஜோகனஸ்பர்க் நகரில். நெல் விளையும் நாடாயினும் நிலமற்றோர் பசித்திருந்த காலம் அது. காவிரிப் படுகையினின்று இலங்கைக்கும் மலாயாவுக்கும் பர்மாவுக்கும் மக்கள் கப்பலேறினர். சிலர் ஆப்பிரிக்காவின் தென்முனை வரை சென்றனர். அவ்வாறு சென்ற முனுசாமி, மங்களம் இணையரின் மகளாக வள்ளியம்மை 1898ஆம் ஆண்டு பிறந்தார்.

அந்நாட்டின் நேட்டால் பகுதிக்குக் கரும்புத் தோட்ட வேலைக்காக 1860 முதல் இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். ஒப்பந்தம் முடிந்தபின்னும் அங்கேயே தங்க விரும்பியோர் ஆண்டுக்கு 3 பவுண்டு தலைவரி செலுத்தவேண்டும் என 1895ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. பல மாதக் கூலியை விழுங்கும் வரி அது. இதனோடு, 1913 மார்ச்சில் வெளிவந்த தீர்ப்பொன்று கிறித்தவ முறைப்படி நடைபெறாத திருமணங்களைச் செல்லாதவை ஆக்கியது. அதுவரை இல்லத்துள் இருந்த பெண்கள் காந்தியடிகளின் அறப்போரில் இறங்கினர்.

இங்கு ஒன்றைக் கருதவேண்டும். வள்ளியம்மையின் குடும்பம் டிரான்ஸ்வால் பகுதியில் வணிகம் செய்து வாழ்ந்தது. நேட்டால் கூலிகளின் தலைவரி அதன்மீது விழவில்லை. ஆயினும் 1913 அக்டோபரில் தாயும் மகளும் பிற பெண்களுடன் நேட்டாலுக்குப் புறப்பட்டனர். இந்தியர் இசைவுச்சீட்டின்றி ஒரு பகுதியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வதே அந்நாளில் குற்றம். தமிழும் தெலுங்கும் பேசிய தொழிலாளரிடையே அப்பெண்கள் வரியின் கொடுமையை எடுத்துரைத்தனர். நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில் மூண்ட வேலைநிறுத்தம் தோட்டங்களுக்கும் பரவிற்று. நவம்பரில் ஏறத்தாழ 2,000 தொழிலாளர் காந்தியடிகளின் பின்னே டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்தனர். அவருடைய ஐரோப்பிய நண்பர்களான காலன்பாக்கும் போலக்கும் சிறை புகுந்தனர்.

கடலுக்கு இப்பால் இந்தியாவும் வாளாவிருக்கவில்லை. கோகலே ஊர்தோறும் நிதி திரட்டினார். வேலை துறந்து நின்ற பல்லாயிரவர்க்கு உணவளிக்க அந்நிதியே உதவிற்று. அரசப் பிரதிநிதியாகிய ஹார்டிஞ்சு பிரபுவே சென்னையில் போராளிகள்பால் வெளிப்படையாகப் பரிவு காட்டிப் பேசினார். பிரித்தானியப் பேரரசின் ஓர் அரசை அப்பேரரசின் உயர் அலுவலரே கண்டித்தது தென்னாப்பிரிக்க ஆட்சியாளரைத் திகைக்கச் செய்தது. விசாரணைக் குழு அமைக்கப்பட்டது.

அதற்குள் வள்ளியம்மை சிறைப்பட்டிருந்தார். 1913 டிசம்பரில் மூன்று மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டு மாரிட்ஸ்பர்க் சிறையில் அடைக்கப்பட்டார். அங்கே பெண்களுக்குத் துணி வெளுக்கும் வேலை. உணவோ மிக இழிந்தது. சிறை புகுந்த சில நாள்களிலேயே நோயுற்ற அவரை முன்கூட்டியே விடுவிக்க அதிகாரிகள் முன்வந்தனர், அவர் மறுத்துவிட்டார். விடுதலையாகித் திரும்பியபோது உடல் எலும்புக்கூடாய்த் தேய்ந்திருந்தது. சிறை சென்றதற்கு வருந்துகின்றாயா எனக் காந்தியடிகள் வினவ, மீண்டும் செல்லவும் ஆயத்தமே என்றார். 1914 பிப்ரவரி 22ஆம் நாள், தம் பதினாறாம் வயதில் உயிர் நீத்தார். அவரைச் சுற்றி வீரக்கதைகள் பல வழங்குகின்றன. அவற்றின் துணை அவருக்குத் தேவையில்லை.

அவ்வாண்டின் நடுவில் இயற்றப்பட்ட இந்தியர் துயர்தணிப்புச் சட்டம் தலைவரியை நீக்கித் திருமணங்களை ஏற்றது. ஜூலையில் வள்ளியம்மைக்கும், முன்னரே உயிரீந்த நாகப்பனுக்கும் எழுப்பப்பட்ட நினைவுக்கற்களைக் காந்தியடிகள் ஜோகனஸ்பர்க்கில் திறந்துவைத்தார். இந்தியா திரும்பியபின், 1915இல் தில்லையாடிக்கும் வந்து சென்றார்.

அச்சட்டம் தென்னாப்பிரிக்காவின் நிறவேற்றுமையை ஒழித்துவிடவில்லை. பெரும்பான்மையரான கறுப்பின மக்களின் போராட்டம் இன்னும் நெடிதாய் நீண்டது. முழு விடுதலை பெறும் முன்பே, 1946இல், இந்தியா அந்நாட்டுடனான வணிகத்தை முறித்துக்கொண்டு, அங்குள்ள இந்தியருக்கு இழைக்கப்படும் அநீதியை ஐக்கிய நாடுகள் அவையின் முன் வைத்தது.