அளந்து மயக்கிய டாக்டர்

ஜான் ஸ்நோ என்றால் லண்டன் காலராவும், 1854-ல் கைப்பிடியைக் கழற்றிய தண்ணீர்ப் பம்பும்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். நண்பர்களே, பம்பை விடுங்க. நான் எழுதப்போறது அவரோட அன்றாட வேலையைப் பற்றி. ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் அவர்.

1813-ல் இங்கிலாந்தில் யார்க் நகரில், ஒரு கூலித் தொழிலாளிக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். கூடப்பிறந்தவர்கள் எட்டுப் பேர். 14 வயசிலேயே நியூகாசிலில் ஒரு டாக்டரிடம் வேலை பழகப் போய்விட்டார். பிறகு லண்டன் போய்ப் படித்து 1844-ல் எம்.டி. வாங்கினார்.

1846 கடைசியில் ஈதர் லண்டனுக்கு வந்தது. அதுவரைக்கும் ஆளைப் பிடிச்சு அமுக்கிக்கொண்டுதான் அறுப்பார்கள்! ஆனால் ஈதர் சிலருக்குப் பலித்தது, சிலருக்குப் பலிக்கவில்லை. வெயிலில் ஈரத்துணி சீக்கிரம் காயுதே, அதுபோல ஈதரும் சூட்டில் அதிகமா ஆவியாகும், குளிரில் குறையும். ஸ்நோ ஈதர் பாத்திரத்தைக் குறிப்பிட்ட சூடுள்ள தண்ணீரில் வைத்து, மூச்சில் போகும் ஆவியை அளவாக்கினார். மயக்கத்தை ஐந்து படியாகப் பிரித்து 1847-ல் புத்தகமும் எழுதினார்.

1848 ஜனவரியில் ஹன்னா கிரீனர் என்ற பெண் குளோரோபார்ம் கொடுத்த சில நிமிஷத்தில் இறந்துபோனாள். வயசு 15. நம்ம பத்தாம் வகுப்பு அக்காக்கள் வயசு. ஆபரேஷன் என்னவோ கால்விரல் நகம் எடுப்பதுதான்! துணியில் ஊற்றி மூக்கில் வைத்தார்கள், எவ்வளவு உள்ளே போச்சுன்னு யாருக்கும் தெரியாது. காற்றில் ஆவி அதிகமாகக் கலந்தால் இதயமே நின்றுவிடும் என்பது ஸ்நோவின் முடிவு. விலங்குகளிடம் சோதித்தார், தன் மேலேயும் சோதித்துக்கொண்டார். (படிக்கும்போதே எனக்குப் பயமா இருந்தது.) நூற்றுக்கு 5 பங்குக்கு மேல் ஆவி போகாதபடி முகமூடிக் கருவி ஒன்று செய்தார்.

1853 ஏப்ரல் 7-ல் விக்டோரியா ராணியின் பிரசவத்துக்கு அவரைத்தான் கூப்பிட்டார்கள். அன்றைக்குக் கருவி இல்லை. கைக்குட்டையில் கொஞ்சம் கொஞ்சமாக 53 நிமிஷம் கொடுத்தார். சாதாரண நோயாளிகளை எழுதிய அதே நோட்டில் ராணியையும் எழுதி வைத்தார். எனக்குப் பெரிசாத் தோன்றுவது அந்த நோட்டுதான், அரண்மனை இல்லை. 4000 தடவைக்கு மேல் குளோரோபார்ம் கொடுத்தவர் அவர்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1858-ல் குளோரோபார்ம் பற்றிய புத்தகத்தை எழுதிக்கொண்டிருந்தபோது பக்கவாதம் வந்து, ஜூன் 16-ல் இறந்தார். வயசு 45-தான். நண்பர் ரிச்சர்ட்சன் அதே வருஷம் அதை வெளியிட்டார். குளோரோபார்மால் இறந்த 50 பேரை அதில் ஒவ்வொருவராக ஆராய்ந்திருக்கிறார். ஹன்னாவும் அதில் உண்டு.